பிறர்பொருட்டு வேண்டுவோர்

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த சொற்களுள் ‘பீட்ஸ்மன்’ என்பது ஒன்று. பிறருடைய ஆன்ம நலத்திற்காக இறைவனை வேண்டுவதையே தொழிலாகக் கொண்டு, அதற்கென உணவோ பொருளோ பெற்று வாழ்ந்தவரை அச்சொல் குறித்தது. ‘பீட்’ என்பதன் முதற்பொருள் வேண்டுதல். வேண்டுதலை எண்ண உதவிய செபமாலை மணிக்கு அப்பெயர் பின்னரே சென்றது. 1547-இல், ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், இறந்தார்பொருட்டு வழிபாடு நிகழ்த்தும் அறக்கட்டளைகள் இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டன. தொழில் தேய்ந்தது, சொல்லும் பழமையுற்றது. ஆயினும், உதவி நல்கினால் என்றும் இறைவனை வேண்டக் கடமைப்பட்டவன் என்னும் கருத்துடைய தொடரோடு மனுவை முடிக்கும் மரபை, நம் நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் காண்கிறோம்.

அப்பழஞ்சொல்லுக்கு இலக்கியத்தில் நிலைபேறு அளித்தவர் கீட்ஸ். 1819-இல் எழுதப்பெற்று 1820-இல் வெளிவந்த ‘தூய ஆக்னெஸ் திருநாளின் முன்னிரவு’ என்னும் நெடும்பாட்டு, கடுங்குளிரில் விரல்கள் மரத்துப்போக, வெறுங்காலுடன் செபமாலை உருட்டும் முதியவர் ஒருவரோடு தொடங்குகிறது. அரண்மனையில் விருந்தும் இசையும் பொங்குகின்றன. அவரோ சாம்பலிடையே அமர்ந்து பாவிகளுக்காக இரவெல்லாம் வருந்துகிறார். பாட்டின் முடிவில் காதலர் இருவரும் புயலிடையே தப்பிச் செல்கின்றனர். தேடுவார் எவருமின்றி அவர் குளிர்ந்த சாம்பலில் அடங்கிவிடுகிறார்.

திறனாய்வாளர் பலரும் இம்முதியவரிடத்துக் குளிரையும், காதலரிடத்து வெம்மையையும் கண்டு, முரண் அணியின் நயம் பாராட்டுவர். அது பொருந்துவதே. ஆயின், மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. காதலர்க்குப் பெயர் உண்டு. துணைநின்ற மூதாட்டிக்கும் ஆஞ்சலா என்னும் பெயர் உண்டு. பிறர்க்காக மன்றாடும் இவருக்கு மட்டும் பெயர் இல்லை, தொழிற்பெயரே பெயராகிறது. இதனைக் கவிஞரின் மறதி என்று கொள்வதினும், அம்மாளிகை மாந்தரின் நன்றியின்மைக்கு அவர் வைத்த சான்று என்று கொள்வதே சிறப்பு.

இனித் தமிழகத்தை நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் முழக்க ஒருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல் வழங்கப்பெற்றது. இவர்கள் பணி இறைவன் திருமுன் பாடுதலேயன்றி, ஒருவர்பொருட்டு மன்றாடுதல் அன்று. எனினும், பிறர் வைத்த அறத்தால் உண்டு வழிபாடு செய்தோர் என்னும் வகையில் இவர்களும் அம்முதியவரை ஒப்பர். வேறுபாடு எங்கே எனின், இவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒருவர் இறப்பின் அவருடைய உறவினர் அப்பணியைப் பெறவும், அவர் பாடவல்லார் அல்லராயின் வல்லார் ஒருவரைக் கொண்டு பாடுவிக்கவும் வழிவகை செய்யப்பட்டது. 1966-இல் மைசூருக்கு வந்த இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் அலுவலகம், இத்தகைய கல்லெழுத்துகளைப் படித்துப் பதிப்பிக்கும் பணிக்கே உரியது என்பது இவ்வூர்த் தமிழர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

நெல் பெற்றுப் பாடினால் பக்தி குறைந்துவிடுமோ என்று வினவுவார் உளர். குறையாது. வயிற்றுக்கு வழி செய்தால்தான் நாவும் நெஞ்சும் ஒருவழிப்படும். கீட்ஸின் முதியவரிடத்தும் பொய்ம்மை இல்லை. அவருடைய கண்ணீர் மெய்யானது. குற்றம் பெறுவோரிடத்து அன்று. பொருளைக் கொடுத்தவுடன் கடன் தீர்ந்தது என்று முகம் திருப்பிக்கொள்வோரிடத்தே உள்ளது. கொடுத்ததோடு நில்லாமல் பெயரையும் பொறித்த செயலிலேதான் தஞ்சைக் கல்வெட்டு உயர்கிறது.

பிழைப்பின்பொருட்டு ஊரைவிட்டு வந்த நமக்கு இச்செய்தி புறம்பானதன்று. ஊர்க்கோயிலுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறோம். நம் பெயரும் நட்சத்திரமும் அங்கே சொல்லப்படுகின்றன. திருநீறும் குங்குமமும் அஞ்சலில் வந்து சேர்கின்றன. நம் பெயரைச் சொல்லி வேண்டுபவர் யார், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று நம்முள் எத்துணைப் பேர் கேட்டிருப்போம்? அடுத்த முறை ஊர் செல்லுங்கால் அவருடைய பெயரைக் கேட்டறிந்து, நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தல் நம் கடன்.