மண் ஃபிரிட்ஜில் ஒரு கோடை

ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் வாங்கிவரும் தக்காளி, சித்திரை வெயிலில் புதன்கிழமையே குழைந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஆனால் ரசத்துக்கு வேண்டிய மணம் போய்விடும். இந்தத் தொல்லைக்காகத்தான் பங்குனிக் கடைசியில் ஒரு சூளையில் மண் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். விலை 6,500 ரூபாய், வண்டிக்கூலி தனி. நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்காவும் அதே சூளையில் அதே அளவில் ஒன்று வாங்கிக்கொண்டார். அதனால் ஒரே பெட்டியை எங்கள் கரூர்க் காற்றிலும் கடற்காற்றிலும் வைத்துப் பார்க்க வாய்த்தது.

இடுப்புயரத்தில் சுட்ட மண் அலமாரி. தலையில் மூடி போட்ட 10 லிட்டர் தொட்டி, நடுவில் இரண்டு தட்டு, கண்ணாடிக் கதவு, அடியில் சொட்டுத் தண்ணீர் பிடிக்க ஒரு தாம்பாளம். தொட்டித் தண்ணீர் பக்கச் சுவர் வழியாகக் கசிந்து இறங்கி, வெளிப்புறம் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் பெரும்பங்கு சுவரிலிருந்து போவதால் உள்ளே குளிர்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். இந்த அலமாரி வடிவத்தைப் பரவலாக அறியச் செய்தவர் குஜராத் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் அவருக்குத் தோன்றிய யோசனை அது. 1990களில் நைஜீரியாவில் ஆசிரியரான முகமது பா அப்பா, சட்டிக்குள் சட்டி வைத்து இடையில் ஈரமணல் நிரப்பி ஊர்ப்புறச் சந்தைக்காரர்களுக்குக் கொடுத்தார். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கல் இரட்டைச் சுவரும் நடுவில் ஆற்றுமணலுமாக ஒரு குளிர் அறையையே வடிவமைத்தது. நான் வாங்கியது நம் பக்கத்துச் சூளையில் செய்தது.

கரூரில் எங்கள் வீட்டு நடையில், குறுக்குக் காற்று வரும் இடத்தில் நிழலாக வைத்தேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் மதியம் 2 மணிக்கு வெளியே 38 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம். உள்ளே 28 டிகிரி. முதல் தடவை நம்பாமல் தெர்மாமீட்டரை மாற்றி வைத்துப் பார்த்தேன், அதே 28. உள்ளே ஈரப்பதம் 85-க்கு மேல் இருந்தது. காய்க்கு இந்த ஈரம்தான் பெரிய உதவி. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, தண்ணீரை இழந்துகொண்டே இருக்கிறது. வறண்ட காற்றில் வைத்த பீன்ஸ் இரண்டு நாளில் துவண்டது. பெட்டிக்குள் நான்காவது நாளும் ஒடித்தால் சத்தம் கேட்டது.

தக்காளி 7 நாள் வந்தது, மணத்தோடு. கத்தரிக்காய்தான் என்னை மிகவும் மகிழ்வித்தது. 10 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் கத்தரிக்காய்க்குக் குளிர் தாக்கி, தோலில் குழி விழும், விதை கறுக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. வெண்டைக்காய், வெள்ளரிக்காயும் அந்தக் குளிரைத் தாங்காத சாதி. இவற்றுக்கு 28 டிகிரியும் அதிகம்தான். ஆனால் 38-ஐ விட எவ்வளவோ மேல். கத்தரிக்காய் ஆறாவது நாளும் எண்ணெய்க் குழம்புக்கு ஆகும்படி இருந்தது.

கீரையில் தோற்றது. அரைக்கீரை வேரோடு ஈரத்துணியில் சுற்றி நிறுத்தியும் இரண்டு நாள்தான். கொத்தமல்லி மூன்றாம் நாள் மஞ்சள் கட்டியது. மேல் தட்டில் வாழைப்பழச் சீப்பை நான் வைத்ததும் அதற்குக் காரணம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மூடிய பெட்டிக்குள் தங்கி இலையை வெளுக்கச் செய்கிறது. பழத்தை வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் கூடியது, அவ்வளவுதான். கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு ஃபிரிட்ஜின் அடித்தட்டே சரி. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கை இந்த ஈரத்தில் வைக்கவே கூடாது, முளைவிடும், அழுகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்கும்போது பாலும் வைக்கலாம் என்றார்கள். வைக்காதீர்கள். பாலுக்கும், சமைத்த குழம்புக்கும், நறுக்கிய காய்க்கும் 28 டிகிரி என்பது கிருமி செழித்து வளரும் சூடு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் பரீட்சையே வேண்டாம்.

இனி நாகப்பட்டினம். அதே பெட்டி, அதே தண்ணீர், வைகாசி மதியம். வெளியே 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். உள்ளே 31. அக்கா போனில், “ஏமாத்திட்டாங்களா தம்பி?” என்று கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் அது எதுவரை இறங்குகிறதோ, அந்த ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே எந்த மண்பெட்டியும் போகாது. கரூரின் அந்த மதியத்துக்கு அது 24-ஐ ஒட்டி இருந்தது, நாகையில் 29. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேற்கொண்டு வாங்கிக்கொள்ள மறுக்கிறது. எங்கள் தொட்டி ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் குடித்தது. அக்காவுடையது ஒன்றரை லிட்டர்கூடக் குடிக்கவில்லை. மேலும், அசையாத ஈரத்தில் உள்தட்டில் பூஞ்சை படர்ந்தது. சென்னையோ தூத்துக்குடியோ, கடலோரத்தில் இருப்பவர்கள் இதை வாங்கும் முன் இந்த ஈரக்குமிழ்க் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் எங்கள் ஊரிலும் இது வெறும் அலமாரியாகத்தான் நிற்கும்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. போர்த் தண்ணீர் ஊற்றியதில் ஐந்தாம் வாரம் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, கசிவு குறைந்து, உள்ளே 2 டிகிரி ஏறிவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவிட்ட பிறகு சரியானது. இப்போது ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். தொட்டி மூடி அரை விரல் விலகினாலும் கொசு முட்டையிடும். டெங்கு கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர் பிடிக்கும். கனமும் அதிகம், ஒருவராக நகர்த்த முடியாது.

கரூர், மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் காற்றோட்டமான நடையோ தாழ்வாரமோ இருப்பவர்களுக்கு, ஃபிரிட்ஜுக்குத் துணையாக, தயங்காமல் சொல்வேன். எங்கள் ஃபிரிட்ஜில் இப்போது கீரைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்கா தன் பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டார். தட்டில் வெங்காயமும் இல்லை, தக்காளியும் இல்லை, மேல்தொட்டியில் மட்டும் வெட்டிவேர் போட்டுக் குடிதண்ணீர் வைத்திருக்கிறார்.