புரியாதபோது என்ன செய்கிறது?

ஹோட்டலில் ஒரு சர்வர் நல்லவரா என்பது, நீங்கள் சொன்னது அவர் காதில் சரியாக விழாதபோதுதான் தெரியும். 'ரவாவா, ஆனியன் ரவாவா சார்?' என்று திருப்பிக் கேட்பவர் ஒரு ரகம். 'என்னது?' என்று எரிந்து விழுபவர் இன்னொரு ரகம். ஒன்றுமே சொல்லாமல் அடுத்த டேபிளுக்குப் போய்விடுபவர் மூன்றாவது. எல்லோரையும்விட ஆபத்தானவர் நான்காவது ரகம். தானே ஒன்றை யூகித்து நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்து, பில்லிலும் சேர்த்துவிடுவார்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் கமாண்ட் இன்டர்ப்ரெட்டர். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு காத்திருக்குமே, அதன் பின்னால் இருப்பவர். நீங்கள் ஒரு வரி தட்டி என்டர் அடித்ததும் படிக்கிறார், வார்த்தை வார்த்தையாகப் பிரிக்கிறார், முதல் வார்த்தை என்ன வேலை என்று தேடுகிறார், மிச்ச வார்த்தைகளை அந்த வேலைக்காரனிடம் ஒப்படைக்கிறார், முடிந்ததும் மறுபடி மினுக்குகிறார். அவ்வளவுதான். இரண்டாம் வருஷ இன்ஜினீயரிங் மாணவன் ஒரு ராத்திரியில் எழுதிவிடலாம். நல்லதாக எழுதத்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

சினிமாவுக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். இதற்கும் எழுதலாம். இதுவும் யாரோ ஒரு மனுஷன் யோசித்து எழுதியதுதான். அவன் சுபாவம் அதில் தெரிகிறது. மேலே சொன்ன நான்கு ரகமும் அங்கே உண்டு.

முதலில் மௌனசாமி. பெல் லேப்ஸில் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்காக எழுதிய 'எட்' என்ற எடிட்டர். நீங்கள் என்ன தப்பு செய்தாலும் அது தரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. எழுத்துப்பிழையா, இல்லாத வரியைக் கேட்டீர்களா, சேமிக்காமல் கிளம்பப் பார்க்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் அதே '?'. திமிர் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குப் பலருக்கும் கிடைத்தது திரை இல்லை, டெலிடைப் 33 என்ற தட்டச்சு மெஷின். விநாடிக்குப் பத்து எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். 'மன்னிக்கவும், நீங்கள் கேட்ட வரி இந்த ஃபைலில் இல்லை' என்று அடித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி', 'ஆர்எம்' என்று யூனிக்ஸ் கமாண்டுகள் எல்லாம் இரண்டெழுத்தில் நின்றதற்கும் இந்தச் சிக்கனம் ஒரு காரணம்.

டெலிடைப் மியூசியத்துக்குப் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. 1981-ல் டானல்ட் நார்மன் என்கிற மனோதத்துவப் பேராசிரியர் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் யூனிக்ஸைப் பிடிபிடியென்று பிடித்தார். பெயர்கள் மனசில் நிற்பதில்லை, ஒன்றுக்கொன்று பொருத்தமில்லை, என்ன நடந்தது என்றே சொல்வதில்லை என்று. ஃபைலைத் திரையில் காட்ட 'கேட்' என்று ஒரு கமாண்ட். பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'கான்கேட்டினேட்' என்ற சொல்லின் நடுவிலிருந்து உருவி எடுத்தது. நார்மன் சொன்னதில் பெரும்பகுதி இன்றைக்கும் செல்லும்.

அடுத்தவர் எரிந்து விழுபவர். எண்பதுகளில் எம்எஸ்-டாஸ் பார்த்தவர்களுக்கு 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' மறந்திருக்காது. கெட்டது கமாண்டா, ஃபைல் பெயரா? சொல்ல மாட்டார். 'நீயோ உன் அப்பாவோ தப்பு' என்கிற மாதிரி. ஃப்ளாப்பி செருகாமல் அந்த டிரைவைக் கேட்டுவிட்டால் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று மூன்று வழி காட்டுவார். முதலுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், புரோகிராம் எழுதினவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். தகவல் இருந்தும் தராததுதான் இவர் குற்றம். தேடிப் பார்த்துத்தானே இல்லை என்கிறார்? எதைத் தேடினேன் என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த நான்காவது ஆசாமி, யூகிப்பவர். வாரன் டைட்டல்மன் என்ற விஞ்ஞானி லிஸ்ப் மொழிக்காக 'டிவிம்' என்று ஒன்று எழுதினார். 'நான் சொன்னதை அல்ல, நினைத்ததைச் செய்' என்று அர்த்தம். எழுத்துப்பிழை இருந்தால் தானே திருத்திக்கொண்டு ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அமெரிக்க ஹேக்கர்கள் தொகுத்து வைத்திருக்கும் கலைச்சொல் அகராதியில் இதைப் பற்றி ஒரு கதை பதிவாகியிருக்கிறது. ஜெராக்ஸ் பார்க்கில் ஒருவர், டாலர் குறியில் முடியும் பழைய பிரதிகளை மட்டும் அழிக்கலாம் என்று 'டிலீட் *$' என்று அடித்தார். அப்படி ஒரு ஃபைலும் இல்லை. டிவிம் யோசித்தது. 'இல்லையே... நீங்கள் டிலீட் * என்றுதான் சொல்ல வந்திருப்பீர்கள்' என்று முடிவுகட்டி, டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் அழிக்க ஆரம்பித்துவிட்டது. அரை டஜன் போனதும் மனுஷன் பாய்ந்து நிறுத்தியிருக்கிறார். டைட்டல்மனை அவர் நாற்காலியிலேயே கட்டிப்போட்டு, அவர் கம்ப்யூட்டரில் அதே வரியை இரண்டு தடவை அடிக்கலாமா என்று தோன்றியதாம் அவருக்கு.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. யூகிப்பது தப்பில்லை. யூகத்தை வைத்துக்கொண்டு, திரும்பப் பெற முடியாத காரியத்தைக் கேட்காமல் செய்ததுதான் தப்பு.

அந்த நட்சத்திரக் குறியை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்டர்ப்ரெட்டர் எழுதுகிறவர் ஆரம்பத்திலேயே எடுக்கவேண்டிய ஒரு முடிவு அதில் ஒளிந்திருக்கிறது. * என்றால் 'இங்கே இருப்பதெல்லாம்'. அதை விரித்து ஃபைல் பெயர்களாக மாற்றுவது யார் வேலை? யூனிக்ஸில் ஷெல் விரித்துவிட்டு, பெயர்ப் பட்டியலை வேலைக்காரனிடம் கொடுக்கும். டாஸில் அந்தந்தப் புரோகிராம் தானே விரித்துக்கொள்ள வேண்டும்.

யூனிக்ஸ் வழி அழகானது. ஓர் இடத்தில் எழுதினால் போதும், எல்லாப் புரோகிராமுக்கும் நட்சத்திரம் இலவசம். ஆனால் அழிக்கிற 'ஆர்எம்'முக்குக் கிடைப்பது வெறும் பட்டியல். நீங்கள் நாற்பது பெயரையும் பொறுமையாகத் தட்டினீர்களா, ஒரே ஒரு நட்சத்திரத்தை அவசரத்தில் அமுக்கினீர்களா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. டாஸின் 'டெல்'லுக்குத் தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. எரிந்து விழுகிற சர்வர்தான், ஆனாலும் இந்த ஓர் இடத்தில் பொறுப்பானவர். பிற்பாடு வந்த 'இஸட்-ஷெல்' இதைப் புரிந்துகொண்டது. நட்சத்திரத்தை விரிக்கும் முன்பே, கமாண்ட் ஆர்எம் என்று பார்த்தால், தானே நிறுத்திக் கேட்கிறது. மேக் கம்ப்யூட்டர்களில் 2019-லிருந்து புதுக் கணக்குகளுக்கு அதுதான் வருகிறது.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்களின் உள்வீட்டுச் சண்டை என்று நினைத்தால், 1998-ல் பிக்ஸாரில் நடந்ததைக் கேளுங்கள். 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது அழிக்கும் கமாண்ட் ஒன்று தவறான இடத்தில் ஓடி, படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே காணாமல் போயின. பேக்கப் பார்த்தால் அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

2015 ஜனவரியில் இன்னொன்று. ஸ்டீம் என்ற கேம் சாஃப்ட்வேரின் லினக்ஸ் வடிவத்தில், 'இந்த இடத்தில் இருப்பதையெல்லாம் அழி' என்று ஒரு வரி. 'இந்த இடம்' என்பது ஒரு வேரியபிள், பெட்டி மாதிரி. சில சமயம் அந்தப் பெட்டி காலியாகிவிட்டது. காலிப் பெட்டியை ஷெல் எப்படிப் புரிந்துகொள்ளும்? ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு மிச்சத்தைப் படிக்கும். மிச்சம் 'எல்லாவற்றையும் அழி'. அந்த வரிக்கு மேலேயே புரோகிராமர் 'பயமாயிருக்கிறது' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தைக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பயம் அவருக்கு இருந்தது. ஷெல்லுக்கு இல்லை. காலிப் பெட்டியைக் கண்டால் நின்றுவிடு என்று ஷெல்லுக்குச் சொல்ல வழி உண்டு, ஆனால் நாம் கேட்டால்தான் அப்படி. கேட்காமலே தருவது மௌனம். இதுதான் ஷெல்லின் மேல் என் பெரிய புகார். பாதுகாப்பு என்பது இலையில் உப்பு மாதிரி, கேட்காமலே வைக்க வேண்டியது.

முதல் ரகத்தை, திருப்பிக் கேட்கிற நல்லவரை, கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1976-ல் டெக் கம்பெனி வெளியிட்ட 'டாப்ஸ்-20' என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். பாதி வரியில் சந்தேகம் வந்தால் ஒரு கேள்விக்குறி போடலாம். இந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்று பட்டியல் கொடுக்கும். எட்டில் புரோகிராம் மனுஷனைப் பார்த்துக் கேள்விக்குறி போட்டது. இங்கே மனுஷன் போடுகிறான், புரோகிராம் பதில் சொல்கிறது. இதைவிட ஒன்று எனக்குப் பிடிக்கும். 'காப்பி' என்று அடித்து எஸ்கேப் தட்டினால், அதுவே அடைப்புக்குறிக்குள் 'எதிலிருந்து' என்று எழுதிக் காட்டும். பெயர் கொடுத்து மறுபடி தட்டினால் 'எதற்கு' என்று காட்டும்.

தமிழ் பேசுகிற நமக்கு இதன் அருமை உடனே புரியும். நம் மொழியில் 'இதிலிருந்து அதற்கு' என்றாலும் 'அதற்கு இதிலிருந்து' என்றாலும் அர்த்தம் மாறாது. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூனிக்ஸின் 'சிபி'யில் உருபு கிடையாது, வரிசைதான் இலக்கணம். இரண்டு பெயரை மாற்றிப் போட்டால் புதியதன் மேல் பழையது ஏறி உட்கார்ந்துவிடும், சத்தமில்லாமல். டாப்ஸ்-20 செய்தது இங்கிலீஷ் கட்டளைக்கு உருபு ஒட்டியதுதான்.

1977-ல் எம்ஐடி மாணவர்கள் எழுதத் தொடங்கிய 'ஸோர்க்' என்ற வார்த்தை விளையாட்டும் இந்த வம்சம். தெரியாத சொல் வந்தால், எந்தச் சொல் தெரியவில்லை என்று அதையே எடுத்துச் சொல்லும். இன்றைய 'கிட்' கூட, தப்பாக அடித்தால், 'இதைத்தான் சொன்னீர்களா?' என்று கிட்டத்தில் இருக்கும் கமாண்டைக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறது. டிவிம் செய்த அதே யூகம். கை மட்டும் நீளவில்லை.

நீங்களே ஒன்று எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால் பைதானில் 'கமாண்ட்' வேலைக்கென்றே ஒரு ரெடிமேட் வகுப்பு இருக்கிறது. அதில் ஒரு கண்ணி. வெறும் என்டர் தட்டினால் கடைசியாகச் செய்த கமாண்டை மறுபடி செய்யும். அதை நாம்தான் மாற்றி எழுத வேண்டும். உங்கள் புரோகிராமில் 'கடைசி வரியை நீக்கு' என்று ஒரு கமாண்ட் இருந்து, பிள்ளை விளையாட்டாக என்டரை அமுக்கினால்? 'ஜிடிபி' என்ற பிழைதிருத்தும் கருவியிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அங்கே யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடியாக நகரும் கமாண்ட் திரும்ப ஓடும். புரோகிராமை முதலிலிருந்து ஓட்டுகிற 'ரன்' மாதிரி சிலது திரும்ப ஓடாது. ஒரே வசதி, ஒன்றில் அக்கறை, மற்றதில் அசட்டை. விமர்சனம் என்று வந்தால் நான் இந்த வித்தியாசத்துக்குத்தான் மார்க் போடுவேன்.

'நிச்சயமாகவா?' என்று எதற்கெடுத்தாலும் கேட்பதும் தீர்வில்லை. பத்து முறை கேட்டால் பதினோராவது முறை விரல் தானாக 'ஒய்' அடித்துவிடும். சந்தேகம் வரும்போது கேள், மற்ற நேரத்தில் செய்ததைத் திருப்பிப் பெற வழி வை. குப்பைத்தொட்டி என்கிற எளிய யோசனை ஆயிரம் கேள்விகளைவிட மேல்.

இப்போது நம் வீட்டுக்கு ஐந்தாவது ரகம் ஒருவர் வந்திருக்கிறார். கறுப்புத் திரையிலேயே உட்கார்ந்துகொண்டு, நாம் சாதாரணமாகப் பேசுவதை ஷெல் கமாண்டாக மாற்றி ஓட்டித் தரும் செயற்கை அறிவு உதவியாளர். 'போன மாசம் எடுத்த போட்டோ எல்லாம் ஒழுங்கு பண்ணு' என்றால் பண்ணுகிறார். நார்மனின் புகார்களில் பாதியை ஒரே அடியில் தீர்த்துவிட்டார், மறுப்பதற்கில்லை. ஆனால் இவர் சுபாவம் டிவிமின் சுபாவம். புரியாததையும் புரிந்த மாதிரி, அழகான வாக்கியத்தில், நம்பிக்கையோடு சொல்லக்கூடியவர். 'ஒழுங்கு பண்ணு' என்றால் அடுக்குவதா, அழிப்பதா? ஓட்டும் முன் அனுமதி கேட்கும்படி பலவற்றை அமைத்திருக்கிறார்கள். 'இனிமேல் கேட்காதே' என்கிற பட்டனும் பக்கத்திலேயே இருக்கிறது.

எனவே ஒரு பரீட்சை. புதிதாக எந்தப் புரோகிராம் வந்தாலும் முதல் நாள் அதனிடம் அர்த்தமில்லாத ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள். 'எனக்குப் புரியல, இந்த வார்த்தை என்ன?' என்று கேட்டால் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 'ஆச்சு சார், முடிச்சுட்டேன்' என்றால் உடனே எல்லா ஃபைலையும் இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.