களவும் காவலும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பதிவு செய்து யூரியூப் போன்ற தளங்களில் ஏற்றிவிடுபவரை என்ன பெயரால் அழைப்பது? தொலைக்காட்சிக் கொம்பனிகளின் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது: கள்ளன். எம்மவர் மத்தியிலும் பதில் ஏறக்குறைய ஒரு சொல்தான்: புண்ணியவான். முதல்நாள் தவறவிட்ட நாடகத்தை மறுநாள் காலையில் யாரோ ஏற்றி வைத்திருந்தால், அந்த முகம் தெரியாத மனிதரை வாழ்த்திவிட்டுத்தான் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

இந்த இரண்டு பதில்களுமே பிரச்சினையைத் தொடாமல் நழுவிவிடுகின்றன என்பது எமது கருத்து. உரிமை யாருடையது என்ற கேள்விக்கே பதிப்புரிமைச் சட்டம் பெரும்பாலும் பதில் சொல்கிறது. பேணுவது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியை உரிமையாளரும் கேட்பதில்லை, களவாக ஏற்றுபவரும் கேட்பதில்லை. பெட்டி படுக்கையோடு நாடுவிட்டு நாடு மாறிய எமக்கு இந்த இரண்டாவது கேள்வியில் மற்றவர்களைவிடக் கூடுதலான அக்கறை இருக்கவேண்டும். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில், களவு என்ற சொல்லை உரத்துச் சொல்பவர்களின் நடத்தையைப் பார்ப்போம்.

2005 டிசெம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'சற்றர்டே நைற் லைவ்' நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக 'லேஸி சண்டே' என்ற சிறிய நகைச்சுவைப் பாடற் காட்சி ஒளிபரப்பானது. பார்வையாளர்கள் அதைப் பதிவு செய்து, அந்த ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த யூரியூப்பில் ஏற்றினார்கள். இலட்சக் கணக்கானோர் பார்த்தார்கள். யூரியூப் என்ற பெயரை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்ததில் அந்தக் களவுக் கொப்பிக்குப் பெரிய பங்குண்டு. 2006 பெப்ரவரியில் அதை அகற்றும்படி என்.பி.சி. கேட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் என்.பி.சி.யே யூரியூப்போடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. சில மாதங்களில் கள்ளன் கூட்டாளியாகிவிட்டான். இடையில் மாறியது ஒழுக்கம் அல்ல, வியாபாரக் கணக்கு.

2006 ஒக்ரோபரில் கூகிள் நிறுவனம் 165 கோடி டொலருக்கு யூரியூப்பை வாங்குவதாக அறிவித்தது. 2007 மார்ச் மாதத்தில் எம்.ரி.வி., கொமடி சென்ட்ரல், நிக்கலோடியன் ஆகிய அலைவரிசைகளின் சொந்தக்காரரான வயாகொம் நிறுவனம் 100 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கேட்டு நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. தனது நிகழ்ச்சிகளிலிருந்து ஏறக்குறைய 1,60,000 துண்டுகள் அனுமதியின்றி ஏற்றப்பட்டன என்றும், அவை 150 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன என்றும் அது முறையிட்டது.

இந்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் பகிரங்கமாக்கப்பட்டபோது இரண்டு தரப்பின் கோவணமும் ஒன்றாக அவிழ்ந்தது. யூரியூப்பை நிறுவிய மூவரில் ஒருவர் வேறு தளங்களிலிருந்து களவாடிய காட்சிகளைத் தாமே ஏற்றிக்கொண்டிருந்தார் என்பதும், அதை நிறுத்தும்படி சக நிறுவனர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார் என்பதும் தெரியவந்தன. மறுபுறத்தில், வழக்குப் போட்ட வயாகொம்மே பதினெட்டுக்குக் குறையாத விளம்பர முகவர்களை அமர்த்தி, தனது நிகழ்ச்சிகளை யூரியூப்பில் இரகசியமாக ஏற்றுவித்தது என்று யூரியூப் தரப்பு குற்றஞ்சாட்டியது. படத்தின் தரத்தை வேண்டுமென்றே கெடுத்து, களவாக வெளியில் வந்ததுபோலத் தோன்றச் செய்தார்களாம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி வெளியிலுள்ள பிரதிக் கடைகளின் கணினிகளிலிருந்து ஏற்றினார்களாம். தான் ஏற்றியது எது, பிறர் ஏற்றியது எது என்று தெரியாமல், தன்னுடைய ஆட்கள் ஏற்றியதையே அகற்றும்படி கேட்டுவிட்டு, பிறகு திருப்பி வைக்கும்படியும் வயாகொம் கேட்டதாக யூரியூப் கூறியது.

அறிவித்தல் கிடைத்ததும் அகற்றிவிட்டால் தளத்தின்மீது குற்றமில்லை என்கிறது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 2010இல் நீதிபதி லூயிஸ் ஸ்ரான்ரன் யூரியூப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியது. 2013இல் அதே நீதிபதி மீண்டும் அதே பக்கம் தீர்த்தார். 2014 மார்ச்சில் இரு தரப்பும் சமாதானமாகப் போயின. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

அகதியாக வாழ்ந்தவர்கள் இந்த வழக்கில் கவனிக்கவேண்டியது வேறொன்று. 2008 ஜூலையில், யூரியூப்பில் யார் யார் எதை எப்போது பார்த்தார்கள் என்ற பதிவுகள் அனைத்தையும் வயாகொம்மிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பயனர் பெயரும் கணினி முகவரியும் அதற்குள் அடங்கும். எதிர்ப்புக் கிளம்பியபின், ஆட்களை இனங்காட்டும் விபரங்களை மறைத்துக் கொடுப்பதாக இரு தரப்பும் உடன்பட்டன. இரண்டு கொம்பனிகள் காசுக்காக மோதும்போது, வீட்டுக்குள் இருந்து நாடகம் பார்த்தவரின் பெயர்ப்பட்டியல் நீதிமன்ற மேசைக்கு வருகிறது. பட்டியல்கள் என்ன செய்யும் என்று எமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. 2007இல் யூரியூப் அறிமுகப்படுத்திய 'கொன்ரென்ற் ஐடி' என்னும் முறை, ஏற்றப்படும் காட்சியை உரிமையாளர்கள் கொடுத்த மாதிரிகளோடு தானாகவே ஒப்பிடுகிறது. பொருந்தினால் உரிமையாளர் அதைத் தடுக்கலாம், கவனித்துக்கொண்டிருக்கலாம், அல்லது அப்படியே விட்டுவிட்டு விளம்பர வருமானத்தைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். மிகப் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அவர்கள் தெரிவது வருமானத்தைத்தான். ஆக, கள்ளன் தொடர்ந்து களவெடுக்கிறான், வீட்டுக்காரர் அதில் பங்கு வாங்குகிறார், இடம் கொடுத்தவரும் பங்கு வாங்குகிறார். இந்த ஏற்பாட்டை ஒழுக்கத்தின் மொழியில் பேசுவது வேடிக்கை.

2019இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பதிப்புரிமை நெறிமுறையின் 17ஆம் உறுப்புரை, ஏற்றப்படுவதற்கான பொறுப்பை நேரடியாகத் தளங்களின் தலையில் வைத்தது. மேற்கோள், விமர்சனம், நையாண்டி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்றும் அது சொல்கிறது. ஆனால் ஒரு காட்சியை விமர்சிப்பதற்காக எடுத்தாள்வதற்கும் முழுவதுமாகச் சுருட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரம் எப்படி அறியும்? விமர்சனம் என்பது நோக்கம் சார்ந்தது. படத்தையும் ஒலியையும் மட்டும் ஒப்பிடுகிற கருவிக்கு நோக்கம் தெரியாது.

* * *

உரிமையாளர் காசை மட்டும்தான் பார்க்கிறார், சரி. பொருளையாவது பேணுகிறாரா? இங்குதான் வரலாறு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

பிரிட்டனின் பி.பி.சி. 1963இல் தொடங்கிய 'டொக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளைச் சேர்ந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட அங்கங்கள் இன்று காட்சியாக இல்லை. போரோ தீயோ அவற்றை அழிக்கவில்லை. பி.பி.சி.யே அழித்தது. ஒளிநாடா விலை கூடியது, அழித்துவிட்டு மேலே பதியலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தங்கள் வரம்பு வைத்திருந்தன. பழையதை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அந்த அங்கங்கள் எல்லாவற்றினதும் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வைத்துப் பதிந்த இரசிகர்கள். அவர்களை அப்படிச் செய்யும்படி எந்த நிறுவனமும் கேட்கவில்லை. பிற்காலத்தில் அந்த ஒலிப்பதிவுகளை விலைக்கு வெளியிட்டது அதே பி.பி.சி. 2013இல் காணாமற் போயிருந்த ஒன்பது அங்கங்கள் கிடைத்தன. கிடைத்த இடம் லண்டன் அல்ல, நைஜீரியாவின் ஜொஸ் நகரிலுள்ள ஒரு தொலைக்காட்சி நிலையம்.

பொப் மங்க்ஹவுஸ் என்ற பிரபல ஆங்கில நகைச்சுவையாளர் திரைப்படப் பிரதிகளைச் சேர்த்து வைத்ததற்காக எழுபதுகளின் இறுதியில் நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது. அவர் விடுவிக்கப்பட்டார். 2003இல் அவர் இறந்தபின், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சிகள் அவரது சேகரிப்பில் இருந்தமை தெரியவந்தது.

அமெரிக்காவில் 1968இல் போல் சிம்சன் என்ற காப்புறுதித் துறைக்காரர், மாலைச் செய்தி ஒளிபரப்புகளின் நாடாக்களைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் இரண்டு வாரம் வரைதான் வைத்திருக்கின்றன என்று அறிந்து திடுக்கிட்டார். அவரது முயற்சியால் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ற் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஓகஸ்ற் மாதம் முதல் செய்திகளைப் பதியத் தொடங்கியது. 1973இல் சி.பி.எஸ். நிறுவனம் அதன்மீது வழக்குப் போட்டது. ஆனால் 1976இல் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் செய்தி ஒளிபரப்புகளைப் பதிந்து வைக்கலாம் என்று விலக்களித்தது. வழக்கும் கைவிடப்பட்டது. பேணும் பொறுப்பை உரிமையாளர் கைவிட்டபோது, அதை எடுத்துக்கொண்டவருக்கு அந்த ஒரு சந்தர்ப்பத்தில் சட்டம் இடம் கொடுத்தது. அது செய்திகளோடு நின்றுவிட்டது என்பதே குறை.

பிலடெல்பியாவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்ற கறுப்பினப் பெண், எழுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் 2012இல் தாம் இறக்கும் வரை, வீட்டில் பல கருவிகளை இரவு பகலாக ஓடவிட்டுத் தொலைக்காட்சியைப் பதிந்தார். ஏறக்குறைய 70,000 ஒளிநாடாக்கள் சேர்ந்தன. அவை பின்னர் இன்ரநெற் ஆர்க்கைவ் என்ற காப்பகத்திடம் சென்றன. அவர் எதையும் விற்கவில்லை. ஒன்றை மாத்திரம் அவர் ஒழுங்காகச் செய்தார். பதிந்தார், வைத்திருந்தார்.

* * *

இவ்வளவும் சொன்னபின், ஏற்றுகிறவர்கள் எல்லோரும் மரியன் ஸ்ரோக்ஸ் ஆகிவிடுவார்களா? ஆகமாட்டார்கள். எம்மவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

யூரியூப்பில் ஏற்றுவது பேணுவது ஆகாது. மூன்று மாதத்துக்குள் மூன்று பதிப்புரிமை முறைப்பாடுகள் விழுந்தால் கணக்கு முழுவதும் மூடப்படும். அதில் இருந்த எல்லாமே போய்விடும், முறைப்பாடு இல்லாதவையும் சேர்த்து. அது நூலகம் அல்ல, விளம்பரம் விற்கும் கடை. கடைக்காரர் ஒருநாள் தட்டைக் காலி செய்யும்போது எம்மிடம் கேட்கமாட்டார்.

அடுத்தது, ஏற்றுகிற விதம். தொடக்கத்தில் ஓடும் பெயர்களை வெட்டிவிடுகிறார்கள். எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், நடித்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதெல்லாம் போய்விடுகிறது. படத்தின் மூலையில் ஏற்றியவரின் சொந்த இலச்சினை குந்திக்கொள்கிறது. பெயரை அழித்தபின் எஞ்சுவது ஆவணம் அல்ல, வெறும் பொழுதுபோக்கு. ஒளிநாடாவின்மேல் இன்னொன்றைப் பதிந்த பி.பி.சி.க்கும் பெயரை வெட்டி எறிந்த எம்மவருக்கும் என்ன வேறுபாடு?

இதற்கு ஒரு பழக்கமும் காரணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பிய நகரங்களில் தமிழ்ப் பலசரக்குக் கடைகளின் ஒரு மூலையில் வீடியோக் கசெற்றுகள் வாடகைக்கு இருந்தன. கொப்பியின் கொப்பியின் கொப்பி. முகம் தெரியாது, குரல் கரகரக்கும். அன்று மொழி கேட்பதற்கு வேறு வழி இருக்கவில்லை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொப்பி என்றால் இலவசம், இலவசம் என்றால் யாருடையதும் அல்ல என்ற எண்ணம் அந்த மூலையிலிருந்து எம்மோடு கூடவே வந்துவிட்டது. வயாகொம்முக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. வேலை முடிந்து வந்து இரவில் எழுதி, நண்பர்களிடம் கடன்பட்டுக் குறும்படம் எடுக்கும் புகலிடக் கலைஞருக்கு யார் இருக்கிறார்கள்? அவரது படம் வெளியான மறுநாளே இணையத்தில் கிடைத்தால், பாதிக்கப்படுவது கொம்பனி அல்ல, அடுத்த படம். பெரிய முதலைக்கும் சிறிய மீனுக்கும் ஒரே வலையை வீசிவிட்டு அதற்கு எதிர்ப்புணர்வு என்று பெயர் வைப்பது பொருந்தாது.

இன்னொரு வழியும் எம்மிடம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் பேணி வருகிறது. அதில் ஒவ்வொரு பிரதிக்கும் ஆசிரியர் பெயர் உண்டு, வெளியீட்டு ஆண்டு உண்டு. உயிரோடிருக்கும் எழுத்தாளரிடம் அனுமதி கேட்கும் வழக்கமும் உண்டு. அங்கே கொப்பி எடுத்தல் என்பது ஒரு பொறுப்பு. அச்சுக்கு நடந்தது ஒளிபரப்புக்கு ஏன் நடக்கக்கூடாது? புகலிடத்தில் தமிழ்த் தொலைக்காட்சிகள் தோன்றின, சில மூடப்பட்டன. அவற்றில் பேசிய எழுத்தாளர்களும் கூத்துக் கலைஞர்களும் சிலர் இன்று இல்லை. அந்த நாடாக்கள் எங்கே? காந்த நாடாவின் ஆயுள் சில பத்தாண்டுகள்தான். நிலவறைகளில் ஈரம் குடித்துக்கொண்டிருக்கும் கசெற்றுகளுக்கு நீதிமன்றம் தேவையில்லை, பூஞ்சணமே தீர்ப்பெழுதிவிடும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் பழைய பதிவு வைத்திருப்பவர் அதன்மேல் நாளையும் பெயர்களையும் எழுதிவைக்கட்டும். அதை மின்வடிவாக்கி, ஒரு தளத்தை மட்டும் நம்பாமல் காப்பகம் ஒன்றிடமும் கொடுக்கட்டும். உருவாக்கியவர் உயிரோடிருந்தால் அவரிடம் கேட்கட்டும், வேண்டாம் என்றால் அகற்றட்டும். அதைக் காட்டிக் காசு வாங்காதிருக்கட்டும். உரிமையாளர் கைவிட்டதை எடுத்துப் பேணுவதற்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று, 1976இல் வாண்டர்பில்ற்றுக்குக் கிடைத்ததைக் காட்டி, நாம் வாழும் நாடுகளில் குரல் கொடுக்கட்டும். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பெயரை வெட்டி இலச்சினையை ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, கள்ளன் என்று அழைக்கும் கொம்பனிக்கு எதிராக வாதிட எம்மவரிடம் நியாயம் இருக்காது.