பக்கவாத்தியக்காரர் பாடியபோது

‘விச்சிட்டா லைன்மேன்’ பாட்டில் இரண்டு சரணங்கள்தான். மூன்றாவது வர வேண்டிய இடத்தில் ஒரு கருவி பாடத் தொடங்குகிறது. சாதாரண கிடாரைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டிய, தடித்த கம்பிகள் கொண்ட ஆறு கம்பி பேஸ் கிடார் அது. கரகரப்பும் ஈரமுமாக, தொண்டை அடைத்த ஒருவர் மெட்டை முணுமுணுப்பதுபோல் ஒலிக்கிறது. வேகமில்லை, வித்தை இல்லை. குரல் அதுவரை பாடிய மெட்டையே ஏறக்குறைய அப்படியே எடுத்து, இரண்டொரு இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைத்து வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வாசித்தவர் பாடகரான கிளென் கேம்பெல்தான். 1960-களின் லாஸ் ஏஞ்சலஸில் அவரை மிஞ்சும் விரல்வேகம் உள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த விரல்கள் அவை. அப்படிப்பட்டவர் தன் பெயரில் வரும் தட்டில், தனக்கென்று கிடைத்த இடத்தில், மெட்டை மட்டும் வாசித்து நிறுத்துகிறார் என்றால் அது அடக்கம் மட்டுமல்ல, பல வருடப் பயிற்சி. கேம்பெல் பாட வருவதற்கு முன் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பாட வந்த பிறகும் அவர் காது பக்கவாத்தியக்காரரின் காதாகவே இருந்தது. அவருடைய நல்ல பதிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாட்டு பிறந்த கதை அமெரிக்க கன்ட்ரி இசை ரசிகர்களுக்கு மனப்பாடம். 1968. ஜிம்மி வெப் எழுதி கேம்பெல் பாடிய ‘பை தி டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்’ வெற்றி பெற்ற சூட்டில், ஊர்ப்பெயர் வருகிற மாதிரி இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேம்பெல் தரப்பு கேட்டது. ஓக்லஹோமாவின் வாஷிட்டா வட்டாரத்தில் காரோட்டிப் போனபோது, வெட்டவெளியில் தந்திக் கம்பத்தின் உச்சியில் தன்னந்தனியாக நின்ற ஒருவரைப் பார்த்த நினைவு வெப்பிடம் இருந்தது. அதை வைத்து எழுதினார். ஊரை மட்டும் கான்சஸின் விச்சிட்டாவாக மாற்றிக்கொண்டார். மூன்றாவது சரணம் இன்னும் எழுதவில்லை என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினார். தயாரிப்பாளர் அல் டி லோரியின் மாமா ஒருவர் கலிஃபோர்னியாவில் லைன்மேனாகவே வேலை பார்த்தவர். அதனால் முதல் வரியிலேயே அவருக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. எழுதாத சரணத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. பேஸ் வாசிக்க வந்திருந்த கரோல் கேயிடமிருந்து அவருடைய டேனெலெக்ட்ரோ ஆறு கம்பி பேஸை வாங்கி, காலி இடத்தைக் கேம்பெல் வாசித்து நிரப்பினார்.

கரோல் கேயைச் சும்மா தாண்டிப் போக முடியாது. பாட்டின் வாசலில் இறங்கி வரும் அந்தச் சிறு பேஸ் வரிசை அவருடையது. அதை எடுத்துவிட்டால் பாட்டுக்கு முகமே இல்லை. வெப் வீட்டில் இருந்த ஒரு ஆர்கன் கருவியின் மினுமினுப்பு விண்வெளியிலிருந்து வரும் சமிக்ஞைபோல் இருக்கிறது என்று சொல்லி, அதையும் வண்டியேற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தார்கள். வயலின்கள் உச்சியில் ஒரே சுரத்தைத் தட்டித் தட்டித் தந்தி அடிக்கின்றன.

இவ்வளவுக்கும் நடுவே குரல் என்ன செய்கிறது? பாட்டு ஒரு சுருதியில் தொடங்கி, சரணம் முடிவதற்குள் இன்னொரு சுருதிக்கு வீடு மாறிவிடுகிறது. தொடங்கிய வீட்டில் திரும்பி வந்து உட்காரவே இல்லை. அந்தரத்திலேயே மெல்ல மங்கி மறைகிறது. கம்பத்தின் மேல் நிற்கும் மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான இசைக்கட்டு எனக்குத் தெரியவில்லை. பாடுபவர் அழுதிருக்கலாம். கன்ட்ரி மேடையில் குரலை உடைத்துக் காட்டுவது பழைய வழக்கம்தான். கேம்பெல் உடைக்கவில்லை. சரணத்தின் கடைசிச் சொல்லில் கார்வை கொடுத்து, நேராக, ஆடாமல் பிடித்து நிற்கிறார். வயலின் தந்தி அந்தக் கார்வைக்குள் வந்து சேர இடம் விடுகிறார். கூட வாசிப்பவரின் வரவுக்காகக் காத்திருந்து பழகியவருக்குத்தான் அப்படி நிற்க வரும்.

எங்கே பழகினார்? ஆர்கன்சாவில் டிலைட் என்ற சிற்றூருக்கு அருகே, குத்தகை விவசாயி வீட்டின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராக 1936-ல் பிறந்தார். நான்கு வயதில் அப்பா வாங்கித் தந்தது 5 டாலர் கிடார். விரல் வைக்கக் கற்றுத் தந்தவர் ஒரு சித்தப்பா. பதின்வயதில் அல்புகர்க்கிக்குப் போய் உறவினரின் இசைக்குழுவில் வாசித்து, 1960-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். அங்கே ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய்க் கூலிக்கு வாசிக்கும் ஒரு கூட்டத்தில் இடம் கிடைத்தது. டிரம்ஸுக்கு ஹால் பிளேன், பேஸுக்கு கரோல் கே, கிடாருக்கு டாமி டெடெஸ்கோ, பியானோவுக்கு லியோன் ரஸ்ஸல். ‘ரெக்கிங் க்ரூ’ என்று இன்று உலகம் சொல்லும் கூட்டம் இது. அந்தக் காலத்தில் அப்படி யாரும் எங்களை அழைத்ததில்லை, ஹால் பிளேன் பின்னால் சூட்டிய பெயர் என்பது கரோல் கேயின் கட்சி.

1963-ல் மட்டும் 586 ஒலிப்பதிவு அமர்வுகளில் வாசித்ததாகக் கேம்பெல் சொல்லியிருக்கிறார். வாரத்துக்குப் பதினொன்றுக்கு மேல்! இத்தனைக்கும் அவருக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. முன்னால் தாளை விரித்து வைத்துப் பார்த்தவுடன் வாசிப்பவர்களுக்கு நடுவே, ஒருமுறை கேட்டு, கையில் வாங்கி, அடுத்த முறை சேர்ந்து வாசிப்பார். கிடார்க் கழுத்தில் காப்போவை மேலே தள்ளிக் கவ்வவிட்டு, திறந்த கம்பிகளின் கணீர் ஒலியை எந்தச் சுருதிக்கும் கொண்டுவருவது அவர் கைத்தந்திரம். கண்ணால் படித்திருந்தால் இவ்வளவு கூர்மையாகக் கேட்டிருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்தப் பெயரில்லாத வருடங்கள்தான் ரசிகர்களின் தீராத விளையாட்டு. பழைய தட்டுகளின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர் இருக்காது. எனவே இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு அமர்விலும் யார் கையெழுத்திட்டார்கள் என்று பார்ப்பார்கள். தாளில் பெயர் இருந்தாலும் காதில் விழும் கிடார் அவருடையதுதானா, பக்கத்து நாற்காலிக்காரருடையதா என்று மறுபடி சண்டை. எல்விஸின் ‘விவா லாஸ் வேகஸ்’, ரைட்டியஸ் பிரதர்ஸ் பாட்டு, மெர்ல் ஹாகார்டின் பேக்கர்ஸ்ஃபீல்டுப் பாணித் தட்டுகள் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் ஒரு பாட்டில் பான்ஜோ வாசித்தவர் இவர் என்று தெரிந்த நாளில், அந்தப் பாட்டை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதற்கு முன் பத்து வருடம் கேட்ட பாட்டுதான். பான்ஜோ இருப்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

1966-ல் ஃபிராங்க் சினாட்ரா ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்’ பாடிய அறையிலும் கிடார்காரர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு சினாட்ராவை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியவில்லை என்று பின்னால் சொல்லிச் சிரிப்பார். எந்தக் கல்லூரியும் தர முடியாத பாடம் அது. பெரிய பாடகர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல்லைத் தாமதித்து வைக்கிறார்கள் என்பதை மூன்றடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தாளம் கொடுத்த வருடங்கள்.

பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் பயணம் செய்ய முடியாமல் போனபோது, கேம்பெல் 1964 கடைசியில் அந்தக் குழுவுடன் மேடையேறி, பேஸும் வாசித்து, அவருடைய உச்சக்குரல் பங்கையும் பாடினார். நன்றியாக வில்சன் ‘கெஸ் ஐ’ம் டம்ப்’ என்ற பாட்டைத் தயாரித்துக் கொடுத்தார். விற்கவில்லை. ஆனால் தேர்ந்த ரசிகர்கள் கேம்பெலைப் பற்றிப் பேசினால் அரைமணி நேரத்துக்குள் அந்தத் தட்டு வந்துவிடும்.

1967-ல் அதிர்ஷ்டம் திரும்பிய விதம் அவர் குணத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஜான் ஹார்ட்ஃபோர்ட் எழுதிய ‘ஜென்டில் ஆன் மை மைண்ட்’ பாட்டை மாதிரிக்காகப் பதிவு செய்தார். நடுநடுவே வாத்தியக்காரர்களிடம் அதைச் செய், இதைச் செய் என்று கத்திக்கொண்டே பாடினார். டி லோரி அவரைக் கேட்காமலே அந்த நாடாவை எடுத்து, கத்தலை நீக்கிவிட்டு, அதையே வெளியிட ஏற்பாடு செய்தார். தட்டு என்ற நினைப்பே இல்லாமல், நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் மனநிலையில் பாடியது. அந்தத் தளர்வை அதற்குப் பின் திட்டமிட்டுக் கொண்டுவர முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதுவும் ‘ஃபீனிக்ஸ்’ பாட்டும் சேர்ந்து 1968-ல் அவருக்கு நான்கு கிராமி விருதுகளை வாங்கித் தந்தன. ஃபீனிக்ஸ், அல்புகர்க்கி, ஓக்லஹோமா என்று ஒரே நாளில் பாட்டு சொல்லும் நேரத்துக்குக் காரோட்ட முடியுமா என்று வரைபடமும் கையுமாக வாதிடும் ரசிகர்கள் உண்டு. முடியாதுதான். கேம்பெல் அதைப் பாடும் நிதானத்தில் எனக்கு மைல்கணக்கு நினைவுக்கே வருவதில்லை.

பிந்தைய வெற்றிகளில் ‘கால்வெஸ்டன்’ எனக்கு மிக நெருக்கம். மெதுவாக இருந்த பாட்டை வேகம் கூட்டினார். போர்முனையில் இருப்பவனின் பயம் அந்த ஓட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு இன்னும் கூர்மையானது. 1975-ன் ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ பாப், கன்ட்ரி இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. கூட்டத்தோடு சேர்ந்து பாட நல்ல பாட்டு, தனியே கேட்க நான் எடுப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த ‘சதர்ன் நைட்ஸ்’ வேறு. ஆலன் டூசான்ட்டின் கனவு மயக்கமான பாட்டை வெயிலுக்குக் கொண்டுவந்தார். அதன் தொடக்கத்தில் துள்ளும் கிடார்ச் சொல் ஜெர்ரி ரீடிடமிருந்து கற்றது என்று அவரே சொல்வார். புகழின் உச்சியிலும் இன்னொரு கிடார்காரரின் பெயரைச் சொல்லத் தவறாதவர்.

2011-ல் தனக்கு அல்சைமர் நோய் என்று அறிவித்துவிட்டு விடைபெறும் பயணம் கிளம்பினார். பிள்ளைகள் மூவர் குழுவில் வாசித்தார்கள். வரிகளுக்குத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. கிடார்த் தனியாவர்த்தனத்துக்கு எதையும் பார்க்கத் தேவைப்படவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படத்தில், மகள் ஆஷ்லியின் பான்ஜோவும் அவருடைய கிடாரும் மாறி மாறிக் கேள்வி பதில் வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சொற்கள் விட்டுப்போன மனிதரிடம் செவி முழுதாக இருந்தது.

2013 ஜனவரியில் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தார், ‘ஐ’ம் நாட் கோனா மிஸ் யூ’. ஹால் பிளேன் டிரம்ஸுக்கு வந்தார். ஜோ ஆஸ்போர்ன் பேஸ், டான் ராண்டி கீபோர்டு. ஐம்பது வருடங்களுக்கு முன் யார் யாருக்கோ வாசிக்க ஒரே வரிசையில் உட்கார்ந்த கூட்டாளிகள், இந்த முறை அவருக்கு வாசிக்க வந்தார்கள். பாட்டின் தொடக்கத்தில் பியானோவும் அவர் குரலும் மட்டும்தான் இருக்கின்றன. வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் விடும் இடைவெளிக்குள் மற்றவர்கள் அவசரப்பட்டு நுழையவில்லை. அவர் பாடி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.