அளந்தவர்களும் வகுத்தவர்களும்

சங்கத்துப் பெரியவர்கள் இட்ட பணியாக இதை எழுதுகிறேன். இந்திய மக்களை உடலளவு கொண்டு பிரித்த ரிஸ்லியின் ஏழு வகைகளையும் குகாவின் ஆறு வகைகளையும் இம்மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வகைகள் ஏன் சரிந்தன என்பதை மட்டும் நாம் இன்னும் சரிவரச் சொல்லவில்லை. உடலை அளந்ததே பிழை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விடையை முன்பே வைத்துக்கொண்டு எண்களைத் தேடியதுதான் பிழை என்பது என் வாதம். மூக்கு அகலமாக ஆகச் சாதிப்படியில் இடம் தாழும் என்றார் ரிஸ்லி. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் சொன்னதால் அந்தக் கூற்றுக்கு அரசின் எடையும் சேர்ந்தது. அதைத் தகர்த்தவை வெறும் கண்டனங்கள் அல்ல. 1932இல் குர்யே அந்த மூக்குச் சுட்டெண்களையே மாகாணவாரியாக அடுக்கிப் பார்த்தார். இந்துஸ்தானப் பகுதிக்கு வெளியே அந்த விதி நிற்கவில்லை. மறு ஆண்டு மகாலனோபிஸ், ரிஸ்லியின் வங்காள அட்டவணைகளை எண் எண்ணாகச் சரிபார்த்துத் திருத்தி வெளியிட்டார்.

நம் பள்ளி மகாலனோபிஸின் கல்கத்தா மரபில் வந்தது. ஒற்றைச் சுட்டெண்ணை நம்பாமல் பல அளவுகளையும் அவற்றுக்கிடையேயான தொடர்பையும் சேர்த்தே குழுக்களின் தொலைவைக் கணிக்கும் முறையை மகாலனோபிஸ் 1936இல் முழு வடிவில் தந்தார். மஜும்தார் 1941இல் ஐக்கிய மாகாணத்தில் எடுத்த அளவுகள், அவரும் மகாலனோபிஸும் சி. ஆர். ராவும் இணைந்து எழுதிய 1949ஆம் ஆண்டு ஆய்வாக வந்தன. எம் ஆசான் ஆயுள் முழுதும் போதித்தது இந்த ஒழுங்கைத்தான். ஒரே ஆளை இருமுறை அளந்து, தன் கையின் பிழை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளாதவரின் அட்டவணையை அவர் ஏற்றதே இல்லை. அந்தக் கண்டிப்பில்தான் இந்தச் சங்கம் வளர்ந்தது.

மரபணு ஆய்வு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். யாரிடமிருந்து மாதிரி எடுப்பது என்ற கேள்வி அங்கும் அப்படியே இருக்கிறது. கார்வேயும் மல்ஹோத்ராவும் 1968இல் ஒரே படிநிலையில் உள்ள எட்டு அகமணக் குழுக்களை ஒப்பிட்டார்கள். படிநிலை ஒன்று என்பதால் உடலும் ஒன்று என்று கொள்ள முடியாது, அகமணக் குழுவையே ஆய்வின் அலகாகக் கொள்ள வேண்டும் என்பது கார்வே மரபின் பாடம். அந்தப் பாடத்தை விட்டுவிட்டால் எத்தனை நவீனக் கருவி இருந்தாலும் ரிஸ்லியின் வகைகள் புதுப் பெயரில் திரும்பிவரும். காலனி ஆட்சியின் கறை படிந்த துறை இது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அந்தக் கறையை எண்களால் அம்பலப்படுத்தியவர்களும் அளவையைக் கற்றவர்களே.

இன்று எழுதுவோர் சிலரைப் பற்றி, பெயர் சுட்டாமல், ஒரு வார்த்தை. திறமையில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். வசதிக் குறைவும் காரணமாகலாம். ஆயினும் அவர்களுடைய அட்டவணைகளில் அளந்தவர் யார் என்று இல்லை. எந்த ஊர், எந்தக் குழு, எந்தக் கருவி என்றும் இல்லை. மூக்கின் உயரத்தை எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சராசரி இருக்கிறது, விலக்கம் இல்லை. இதைச் சிறு குறை என்று விடுவதற்கில்லை. அளந்தவரின் பெயரை விடுபவர் நாளை அளக்காமலே எழுதத் துணிவார். அந்த எண்ணை அடுத்தவர் மேற்கோள் காட்டுவார். ஒரு தலைமுறைக்குள் ஒரு துறையே பொய்யின் மேல் நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்து இத்துறைக்கு வந்ததில்லை என்றே கருதுகிறேன். அளந்தவர், இடம், குழு, கருவி, பிழை ஆகிய ஐந்தும் இல்லாத எந்தக் கட்டுரையையும் நம் சங்கத்தின் மேடையும் ஏடும் ஏற்கலாகாது என்று பெரியவர்கள் விதி செய்ய வேண்டும்.