மலாய் அரசரின் கொடிவழியில் சோழர்

மலாய் உரைநடையின் தலையாய நூல்களுள் ஒன்று 'செஜாரா மெலாயு'. 'சுலாலத்துஸ் ஸலாத்தீன்', அஃதாவது அரசரின் கொடிவழி, என்பதே அதன் இயற்பெயர். சிங்கபுரியைக் கண்ட சங் நீல உத்தமனை அந்நூல் கெலிங் நாட்டுச் சூலன் மரபில் வைக்கிறது. ஆற்றங்கரையில் 2019-இல் உத்தமனுக்குச் சிலை எழுந்தபோது அவன் குலம் யாது என்னும் வினாவும் எழுதல் இயல்பே. சூலனே கடாரங்கொண்ட இராசேந்திரன், ஆகவே இந்நகரைக் கண்டவன் சோழன் வழியினன் என முடிவு கட்டுவாரும் உளர். அம்முடிவை நூல் தாங்குமா?

நூலில் சூலன் (சூரன் என்றும் பிரதிதோறும் பெயர் மாறும்) சீனத்தின்மேல் படையெடுத்துத் தெமாசெக் வரை வருகிறான். சீனர் பல்விழுந்த கிழவரையும் துருவேறிய ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஒரு கலத்தில் அனுப்புகின்றனர். சிறுவராய்ப் புறப்பட்டோம், இவ்வூசிகள் அன்று கைப்பருமன் இரும்புக் கோல்கள் என்கின்றனர் கிழவர். சூலன் மலைத்துத் திரும்புகிறான். பின்னர்க் கண்ணாடிப் பெட்டியில் கடலடிக்கு இறங்கி ஆழியரசன் மகளை மணக்கிறான். அவர்தம் மக்களே பலெம்பாங்கின் செகுந்தாங் மலையில் தோன்றுகின்றனர். உத்தமன் அவருள் ஒருவன்.

கண்ணாடிப் பெட்டியில் கடலாழம் கண்டவன் அலெக்சாந்தர் என்பது மேலைக் கதைகளில் பயின்ற செய்தி. இந்நூலோ அவனையே, இஸ்கந்தர் என்னும் பெயரால், சூலனுக்கு முன்னோன் ஆக்குகிறது. பாட்டன் செயலைப் பேரனுக்கு ஏற்றிய கைவண்ணம் இது! சூலன் எடுத்த நகர் பிஜ நகரம் என்றும் நூல் கூறும். விசயநகரம் 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இராசேந்திரன் கடற்படை சென்றது 1025-இல். உத்தமனுக்கு மரபாகக் கூறும் ஆண்டு 1299. இடைப்பட்ட 274 ஆண்டுகளை ஒரே தலைமுறையால் அடைத்தல் எங்ஙனம்? மேலும், அப்படையெடுப்பில் வென்ற ஊர்களை நிரல்பட அடுக்கும் மெய்க்கீர்த்தியில் தெமாசெக் இல்லை.

இதனைக் கொண்டு மலாய்ப் புலவரை எள்ளுதல் தகாது. சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடும் குலத்தைக் கதிரவனிடமிருந்தன்றோ தொடங்குகிறது? இடைக்கால ஐரோப்பியக் கோமான்களும் சார்லமேன் உதிரத்தைத் தேடி அலைந்தவரே. அவர்களுள் ஆஞ்சூ நாட்டுக் கோமான் நான்காம் புல்க் மட்டும் வேறு வகையினன். 1096-இல் தன் குலவரலாறு எழுதப் புகுந்தவன், முதல் நால்வர் புதைந்த இடமும் அறியாமையால் அவர் செயல்களைத் தக்கவாறு உரைக்க இயலாது என்று ஒதுக்கிவிட்டான். அத்தகைய நேர்மை அரிது.

மலாக்கா 1511-இல் போர்த்துகீசியர் வயமாயிற்று. இந்நூலின் பெயர்பெற்ற பிரதி 1612-இல் ஜொகூர் அரசவைச் சூழலில் உருப்பெற்றது. துன் ஸ்ரீ லானாங் பெயரோடு அது இணைத்துப் பேசப்படும். தலைநகர் இழந்த குலத்துக்கு வேர் வேண்டியிருந்தது. அவ்வேருக்கு உலகை வென்ற இஸ்கந்தரோடு சூலன் பெயரையும் அவர் தேர்ந்தமையே ஆராயத்தக்கது. உதிரத் தொடர்புக்கு அது சான்றாகாது. ஆறு நூற்றாண்டு கழிந்தும் சோழர் பெயருக்கு இக்கடலில் இருந்த மதிப்புக்குச் சான்றாகும். பேராக் அரச குடும்பத்தில் அண்மைக் காலத்தும் அப்பெயர் வழங்கியது. கோலாலம்பூரில் ராஜா சூலான் பெயரால் ஒரு சாலை இன்றும் உண்டு.