இருவேல்பட்டும் மல்லாட்டையும்

விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டைப் போல இத்தனை தடவை விசாரிக்கப்பட்ட கிராமங்கள் தமிழ்நாட்டில் சிலதான். சென்னைப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தொடங்கி வைத்தார், புத்தகமானது 1918ல். 1930களில் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும், 1981ல் குஹனும் ஜோன் மென்ச்சரும், 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்.

அடுத்தடுத்துப் படித்தபோது முதலில் உறைத்தது, நம் நாவலாசிரியர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை என்பது. ஒரு கிராமத்தை ஒரு தடவை எழுதிவிட்டால் நமக்கு அது தீர்ந்த சரக்கு. (நானும் விதிவிலக்கல்ல.) ஆனால் இந்த ஆய்வுகளிலும் ஒரு ஊமைத்தனம் இருக்கிறது. நிலக்காரர் பிடி தளர்வதும், உழைப்பவர்கள் வயலை மட்டுமே நம்பியிருந்தது குறைவதும் அட்டவணைகளுக்கு நடுவே தெரிகிறது. பதில் சொன்னவன் அதை எந்த வார்த்தையில் சொன்னான்? கடனைச் சொல்லும்போது குரல் தாழ்ந்ததா? அந்தப் பேச்சு ஆங்கிலத்துக்குள் போகும்போதே செத்துவிட்டது.

திண்டிவனம் கதை வேறு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற வேர்க்கடலை ரகங்கள். டி.எம்.வி. என்பது ஊர்ப் பெயரின் சுருக்கம். மல்லாட்டை விதைக்கிறவன் ஆய்வறிக்கை படித்திருக்கமாட்டான். ஆராய்ச்சி விதையாக அவன் மடிக்கு வந்துவிட்டது.

இருவேல்பட்டுக்காரன் கொடுத்த பதில் அவனிடம் எந்த உருவில் திரும்பும்? அடுத்த கணக்கெடுப்புக்கு யாராவது போகும்போது, கூடவே ஒரு கதைக்காரனும் போய்த் திண்ணையில் உட்காரட்டும். அவன் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். காதில் விழுவதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரட்டும்.